பின்பாதி

பனியென்றால் அப்படியொரு பனி. நீட்டிய கை தன்னுடையதுதானா என்றே லைன்மேனுக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கைக்குள் டெலிபோன் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. பிடியை விடாமல் நடந்தால் எங்கேயாவது அறுந்த முனை வரும். அதை ஒட்டிவிட்டு, குன்றின் மேல் காவலிருக்கும் ஆறு பேருக்கு ஒரே ஒரு சேதி சொல்ல வேண்டும்: எட்டு மணிக்கு எதிரி ஏறி வருகிறான், அதற்குள் இறங்கிவிடுங்கள். அந்த ஆறு பேரில் ஒருவன் அவன் மனைவியின் தம்பி.

லைன்மேனுக்குத் ‘தொடைநடுங்கி’ என்று பட்டம் கட்டிப் படை முழுக்கப் பரப்பியவனே அந்த மச்சான்தான். பொய் என்றும் சொல்ல முடியாது. எங்காவது தகரம் விழுந்தால்கூட லைன்மேன் தரையோடு தரையாகப் படுத்துவிடுவான். விடியற்காலையில் ஆபீசர் “யார் போறீங்க?” என்று கேட்டபோது இவன் தூக்கிய கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கம்பியின் பழைய ஒட்டுகள் விரலில் தட்டின. ஒரு மாதமாக அவனே டேப் சுற்றிய முடிச்சுகள். ஜெபமாலை மணிகளைத் தள்ளுவது போல, முடிச்சுக்கு ஒன்றாக “அருள் நிறைந்த மரியே வாழ்க” சொல்லிக்கொண்டு போனான். முன்பாதி மட்டும். பின்பாதியில் “எங்கள் மரண நேரத்திலும்” என்று வருகிறதே, இந்த வெள்ளைப் பனிக்குள் தனியாக நின்று அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வீட்டு ஜெபமாலையில் முன்பாதியை இவன் சொல்வான், பின்பாதி மச்சானுடைய வேலை. சுவரில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பான். முன்பாதி முடிந்ததும், கண்ணைத் திறக்காமலே, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி “அர்ச்சிஷ்ட மரியாயே” என்று பின்பாதியை எடுத்துவிடுவான். அக்காக்காரி நறுக்கென்று தலையில் குட்டுவாள். குட்டு வாங்கியும் தூக்கம் கலையாது.

கம்பி ஒரு வீட்டின் ஜன்னல் வழியாக உள்ளே போனது. ஆளில்லாத வீடு. மேசையில் நான்கு கோப்பைகள், நாற்காலி முதுகில் ஒரு சட்டை. உள்ளேயும் பனி புகுந்து முழங்காலளவு நின்றது. யாரோ தூங்குவது போலத் தோன்றவே, அவன் அடிமேல் அடி வைத்து அறையைக் கடந்தான். பின்வாசலில் “வரேங்க” என்றுகூடச் சொன்னான்.

வெளியே, முப்பத்தொன்பதாவது முடிச்சைத் தாண்டியதும், கம்பி கையை விட்டு நழுவியது. அறுந்த முனை. அடுத்த முனையைத் தேடிப் புல்லில் தவழ்ந்தான். அகப்பட்டது. இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றி, தோள்பையிலிருந்த கைப்போனை மாட்டி, மணியடிக்கும் பிடியைச் சுழற்றினான். ஹலோ என்று சொல்ல வாயெடுத்தான். பழக்க தோஷத்தில் வேறு வந்தது.

“அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே...”

மறுமுனையில் ஒரு கொட்டாவி. பிறகு தூக்கக் குரலில், “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே...”

லைன்மேன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“என்ன மச்சான், தொடை நடுங்குதா?”

“நடுங்குதுடா. எட்டு மணிக்கு ஏறி வர்றானுங்களாம். எல்லாரும் உடனே இறங்குங்க.”

அங்கே கூச்சலும் காலடிச் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து மச்சானின் குரல் திரும்பியது. “நாலு பேரை அனுப்பிட்டேன்.”

“நீ?”

“நம்ம டிரைவருக்கு இடுப்புல குண்டு. தூக்கினா ரத்தம் கொட்டுது. தனியா விட்டுட்டு வர மனசு வரல.”

“டேய், உங்கக்கா கேட்டா நான் என்னடா சொல்வேன்?”

“அதை அப்புறம் யோசிச்சுக்கலாம். டிரைவர் காதுல போனை வெச்சிருக்கேன். நீ முன்பாதியைச் சொல்லு மச்சான்.”

சொன்னான். பின்பாதி வந்தது. மறுபடி சொன்னான். இப்போது பின்பாதியில் இரண்டு குரல்கள், ஒன்று மிகவும் மெலிந்தது. இறங்கி வந்த நால்வரும் பனிக்குள்ளிருந்து முளைத்து அவனைத் தாண்டிப் போனார்கள். “வாப்பா, போயிடலாம்” என்று ஒருவன் தோளைத் தொட்டான். இவன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த முன்பாதியைத் தொடங்கினான்.

எட்டு மணிக்குக் குன்றின் பக்கம் வெடித்தது. தரை அதிர்ந்தது. அவன் படுக்கவில்லை. முன்பாதியைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான்.

போனில் சத்தமில்லை. இரைச்சல்கூட இல்லை.

பிறகு அவனே வாயைத் திறந்து, “அர்ச்சிஷ்ட மரியாயே” என்று ஆரம்பித்து, மரண நேரம் என்று தான் பயந்த அந்த வார்த்தையையும் விடாமல், பின்பாதியைக் கடைசிவரை சொன்னான்.

கம்பி அறுந்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தமா? அது லைன்மேனுக்குத் தெரியாதா? கைப்போனையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு, கம்பியைக் கைக்குள் பிடித்து, குன்றைப் பார்த்து நடந்தான். தொடை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. விரலில் அடுத்த முடிச்சு தட்டியது. முன்பாதியையும் பின்பாதியையும் அவனே சொன்னான்.