விருமாயிக்குப் பிறந்த வீட்டுக் கோடி

விருமாயி செத்து நான்கு தலைமுறை ஆகிவிட்டது. இன்னும் எடுக்கவில்லை. இலவம்பாறையில் பந்தலுக்குக் கீழே, மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். பொம்பளை செத்தால் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தாமல் தூக்கக் கூடாது. முறை என்றால் முறைதான். அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இலவம்பாறையை உண்டாக்கியவளே அவள்தான். வெறும் காடாக இருந்த காலத்தில், கையில் ஓர் அரிவாளும் வயிற்றில் ஒரு பிள்ளையுமாகத் தனியே வந்தாள். மரம் வெட்டினாள், கல் பொறுக்கினாள், தினை விதைத்தாள், பிள்ளையைப் பெற்றாள். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் இடம் காட்டிவிட்டது அவள்தான். சாகும்போது முப்பதைத் தொட்டிருக்க மாட்டாள். இன்றைக்குக் கொள்ளுப்பேரன்களுக்கே பல் ஆடுகிறது. அவளுக்கு ஒரு நரை கிடையாது.

உயிரோடு இருந்தபோது ஒரே ஒருவர்தான் கேட்டாராம். "எங்கிட்டிருந்து வந்தே ஆத்தா?" அவள் கையை நீட்டி, "அங்கிட்டிருந்து" என்றாளாம். அந்தப் புண்ணியவான் அதை ஊர்ப்பெயர் என்று எடுத்துக்கொண்டார். கை எந்தப் பக்கம் நீண்டது என்றாவது பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. ஆக, விருமாயிக்குப் பிறந்த ஊர் அங்கிட்டு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பிணம் இருக்கும் தெருவில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் அந்தத் தெருக்காரர்கள் பிறந்தது முதல் அடுத்த தெருவில்தான் சாப்பிட்டார்கள். வருசா வருசம் பந்தலுக்குப் புதுக்கீற்று போட்டார்கள். பெண்கள் முறை வைத்து ஒப்பாரி பாடினார்கள். ஒச்சம்மா முறையன்று மட்டும் கேட்க நன்றாக இருக்கும். மற்றவர்கள் கடனே என்று அழுதார்கள்.

ஈ ஓட்டுவது பொன்னாங்கன் வேலை. கொள்ளுப்பேரன்களில் ஒருவர், பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். அப்பனுக்குப் பிறகு வேப்பங்கொத்து அவர் கைக்கு வந்தது. பால்பல் விழுந்தது முதல் மூட்டுவலி வந்தது வரை எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்லுவார். வேறு யாரிடம் சொல்ல? அவருக்கு மட்டும் ஒன்று தெரியும். பஸ் வரும்போதெல்லாம் விருமாயியின் தலை லேசாக ரோட்டுப் பக்கம் திரும்பும். கோடியோடு யாரும் இறங்காவிட்டால் பழையபடி திரும்பிக்கொள்ளும்.

ஒருநாள் பஸ் போனதும் வேப்பங்கொத்தைக் கீழே வைத்தார்.

"நான் போயிக் கூட்டியாரேன்."

"இந்த வயசுலயாண்ணே?" என்றாள் ஒச்சம்மா. "வந்தா வரட்டும், விடுங்க."

"எனக்குப் பெறகு ஈ ஓட்ட ஆரு இருக்கா?"

விருமாயியின் முழங்கையில் தேள் வடிவத்தில் பச்சை குத்தியிருந்தது. அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று ஒச்சம்மா அதை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பொன்னாங்கன் கையில் ஒட்டிவிட்டாள்.

"பத்திரம்ண்ணே. சொறிஞ்சிராதீக."

பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அங்கிட்டு பஸ் எங்கிட்டு நிக்கும்?"

"இங்கிட்டுத்தான்."

நின்றது. நெற்றியில் 'அங்கிட்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இவ்வளவு காலம் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று பொன்னாங்கன் தலையில் அடித்துக்கொண்டு ஏறினார்.

"ஊர் வந்தாச் சொல்லுங்க தம்பி."

"ஊர் வராது. நாமதான் போகணும்" என்றார் கண்டக்டர்.

போனார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பொன்னாங்கன் ஜன்னல் வழியாகக் கேட்டார். "இன்னும் அங்கிட்டு" என்றார்கள். கேட்கக் கேட்க ரோடு நீண்டது. தார் போய் மண் வந்தது. பாதி வழியில் பஸ் மாட்டுவண்டியாகிவிட்டது. டிக்கெட் அதே டிக்கெட்தான். கண்டக்டர் விசிலை மடியில் வைத்துக்கொண்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

அங்கிட்டில் ஒரே தெரு. ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பொன்னாங்கன் கையைத் தூக்கித் தேளைக் காட்டினார். முதல் வீட்டுக்காரர் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மக பச்சைதான்! நான்தான் கூட்டிப்போயிக் குத்திவிட்டேன். அனுப்பிவிட்டாளா? நல்லாருக்காளா?"

"இறந்துட்டாங்கய்யா. கோடிக்கு வந்திருக்கேன்."

பிடித்த கை நழுவியது. "அப்ப அது எங்க பிள்ளை இல்ல" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வீட்டில் ஓர் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சேதியைக் கேட்டதும் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"எம்மகளுக்குத் தேளுன்னாலே ஆகாது. வேற வீடு பாருங்க."

மூன்றாவது வீட்டில் அவர் வாயைத் திறக்கவே விடவில்லை. "இது உசுரோட இருக்கிற பிள்ளை வீடு. இங்க நிக்காதீக!"

எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பெண் போயிருந்தாள். எல்லா வீட்டுக் கொடியிலும் ஒரு புதுச்சேலை மடிப்புக் கலையாமல் கிடந்தது. வரும் தீபாவளிக்கு வந்துவிடுவாள் என்று எடுத்துவைத்தது. கோடி கொடுத்தால் பிள்ளை செத்துவிட்டாள் என்று ஆகிவிடும். எந்தப் பெற்றவன் கொடுப்பான்? பொன்னாங்கனுக்குக் கோபம் வரவில்லை. தாங்க முடியாத வருத்தம்தான் வந்தது.

தெருவின் கடைசி வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

"அப்பன்காரன் தேடிப் போனாரு, திரும்பல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உள்ள போகலாமா?"

"போனா அந்த வீட்டு ஆளு. யோசிச்சுப் போங்க."

பொன்னாங்கன் யோசிக்கவில்லை. குனிந்து உள்ளே போனார். கொடியில் சேலை கிடந்தது, அரக்கு நிறம். சுவரில் சுண்ணாம்பு ஈரமாக இருந்தபோது பதிந்த சின்னக் கை ஒன்று. அதன்மேல் தன் கையை வைத்தார். வைத்ததும் நினைவு வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு விருமாயி இதே இடத்தில்தான் வந்து நின்றாள். "எம்மூஞ்சியில முழிக்காத, போ" என்று இவர்தான் கத்தினார். "எங்கிட்டுப்பா போவேன்?" என்று கேட்டாள். கேட்கத்தான் செய்தாள். அவர் கையை நீட்டி, "அங்கிட்டு" என்றார். அரிவாளை எடுத்துக்கொண்டு, சொன்ன பேச்சுத் தட்டாமல் போய்விட்டாள்.

அப்போது வாசலில் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

"அண்ணே, ஒங்க மக செத்துட்டாளாம். சேதி சொல்ல ஒரு ஆளு வந்தாராம்."

ஐயோ என்று அலறினார். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தரையில் புரண்டார். பிறந்ததிலிருந்து அவளைப் பிணமாகத்தான் பார்த்திருக்கிறார். அவள் செத்த சேதி அவருக்கு அப்போதுதான் வந்தது.

சேலையை எடுத்துக்கொண்டு திரும்பினார். வழியில் வண்டி மறுபடி பஸ்ஸானது. இலவம்பாறையில் இறங்கியதும் கொட்டு முழங்கியது. பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும் பிறந்த வீட்டுக்கு!" என்று ஒச்சம்மா ஒப்பாரியிலேயே வைத்து ஏசினாள். அவளை ஏசச் சொல்லவா வேண்டும்?

விருமாயியின் தலை ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. பஸ் போய்விட்டது. தலை பழையபடி திரும்பவில்லை. அவர் நடக்க நடக்க அவரையே தொடர்ந்து வந்தது. நாற்காலி முன்னால் நின்றார். ஈர மண் மாதிரி இளசான முகம். ஊரே மூச்சுவிடாமல் பார்த்தது.

"இது எங்க பிள்ளை இல்ல" என்றார்.

கொட்டு நின்றது.

"என்னய்யா பேசுறீக பெரியவரே? நாலு தலைமுறையா உக்காந்திருக்கா!"

"எம்பிள்ளைக்குச் சாகுற வயசா? நீங்களே சொல்லுங்க. சாகுற வயசா இது?"

சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். யாராலும் வாங்க முடியவில்லை. ஒச்சம்மா வந்து இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. அந்த இழுபறியில் அவர் கை விருமாயியின் கைமேல் பட்டது. தேள் மெல்ல ஊர்ந்து இறங்கி அவள் முழங்கையில் பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

விருமாயி வாயைத் திறந்தாள். அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"வரட்டுமாப்பா?"

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாளா, போய்வரட்டுமா என்று கேட்டாளா? ரெண்டுக்கும் ஒரே சொல்தானே. ரெண்டுக்கும் ஒரே பதில்தான் அவரிடம் இருந்தது.

"வா ஆத்தா."

சேலையை விரித்துத் தோளோடு போர்த்திவிட்டார். தூக்கினார்கள்.

சாயங்காலம் தெருவில் அடுப்பு மூட்டினார்கள். சொந்தப் புகை பழக்கமில்லாமல் வீட்டுக்கு வீடு இருமினார்கள். இருமிக்கொண்டே சிரித்தார்கள். பந்தலைப் பிரித்துப் போட்டு, நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்தார்கள். வேப்பங்கொத்து அடுப்புக்குள் போயிற்று. பிறந்த வீட்டாருக்கு முதல் இலை. அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

காரியம் முடிந்ததும் பிறந்த வீட்டார் தங்கக் கூடாது. அதுவும் முறைதான். ஒச்சம்மா ரோடுவரை கூட வந்தாள். புகையில் அவள் கண் சிவந்திருந்தது.

"எங்கிட்டுப் போகணும் பெரியவரே?"

பொன்னாங்கன் கையை நீட்டினார்.

"அங்கிட்டு."

எந்தப் பக்கம் நீட்டினார் என்று அவள் பார்க்கவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருந்தாள்.