இரண்டாம் நம்பர் அறையின் அறிவிப்பு

காலை ஒன்பது மணிக்கு உல்லாசக் கப்பல் கரையணைந்தபோது, இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு பெண் அறிவிப்பாளர் அந்தத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போன குரல் வழக்கம்போல வேலையில் இருந்தது. பயணியர் கூடத்தின் ஒலிபெருக்கிகளிலிருந்து அது கப்பலின் மேல்தளம் வரை தெளிவாகக் கேட்டது. "பயணிகள் கவனத்திற்கு. நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. மஞ்சள் கவுன் அணிந்திருக்கிறாள். பார்த்தவர்கள் இரண்டாம் நம்பர் அறைக்கு அழைத்து வரவும். அம்மா இங்கேதான் இருக்கிறேன்."

ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம். மணிக்கொரு தரம் பிசகாமல் வந்ததால், அதை வைத்தே கடை திறந்தார்கள், அடுப்பைப் பற்றவைத்தார்கள், மாத்திரை விழுங்கினார்கள். ஆரம்பத்தில் நிர்வாகம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார்கள், வயரை வெட்டினார்கள், அறையைப் பூட்டினார்கள். குரல் அதன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, மேற்படி குரல் ஊழியர் பட்டியலில் இல்லாததால் அதைப் பணிநீக்கம் செய்ய வழியில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு மைக்கை மறுபடி மாட்டிவிட்டு, கப்பல் நேரங்களை மூன்றாம் நம்பர் அறையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டாம் நம்பரை வாரம் ஒருமுறை பெருக்கித் துடைத்ததோடு சரி.

அறிவிப்பாளரின் கணவர் கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். குழந்தை தொலைந்த அன்று, மனைவி காலை வேலைக்குக் கிளம்பிய பிறகு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், கூட்டத்துக்கு நடுவே ஒரு சிகரெட் பற்றவைக்க நின்றார். கடல் காற்றில் தீக்குச்சி உரச இரண்டு கையும் வேண்டும். மூன்றாவது குச்சி பற்றியபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. அறிவிப்பாளர் நாற்காலியை விட்டு எழாமல் பதினோரு நாள் மகளைக் கூப்பிட்டார். பன்னிரண்டாம் நாள் கணவரும் கணவரின் அண்ணனும் அவரைக் கைத்தாங்கலாக ரயிலேற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழியில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோதுதான், குரல் அவரோடு வரவில்லை என்று தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தான். அம்மாவுக்குக் காய்ச்சலில் பேச்சு போய்விட்டது என்று அவனிடம் சொல்லி வைத்தார்கள். அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதைச் சொல்லவே இல்லை. ஏ.சி. மெக்கானிக்காக வளர்ந்த அவன், முதல் நீண்ட விடுமுறையில் பெற்றோரைக் கப்பலில் கூட்டிப்போக ஆசைப்பட்டு, அவர்களுடைய பழைய ஊரைத் தொட்டுச் செல்லும் பயணமாகப் பார்த்துப் பதிவு செய்தான். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தான், பாவம். தகப்பன் ஊர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அதில் அவர் கைதேர்ந்தவர். அம்மா அன்றைக்கே பெட்டி கட்டினார்.

மேல்தளத்தில் காப்பிக் கோப்பையோடு நின்ற மகன், ஒலிபெருக்கியின் சொல்லுக்குச் சொல் அம்மாவின் உதடுகள் அசைவதைப் பார்த்தான்.

"யாருப்பா அது பேசறது?"

"உங்கம்மாடா."

மேற்கொண்டு கேட்பதற்குள் அம்மா பாதிப் படி இறங்கியிருந்தார். கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும். அதற்குள் குரலை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய திட்டம்.

இரண்டாம் நம்பர் அறையில் அதே நாற்காலி கிடந்தது. பயணியர் கூடத்தின் மேலாளர் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். "உங்களோடதுதானே, தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. ஆனா இதுவும் போயிட்டா, அந்தப் பாப்பாவைக் கூப்பிட வேற யாரு இருக்கா?" இதை அறிவிப்பாளர் யோசித்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் பத்து மணி அறிவிப்பைக் கேட்டார், பதினொன்றைக் கேட்டார், பகல் பன்னிரண்டையும் கேட்டார். நடந்ததை மேலாளர் சொல்லத் தெரிந்துகொண்ட மகன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "அம்மா, ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடும்மா" என்று கெஞ்சினான். எடுத்தால் மகளைக் கைவிட்டதாகும், எடுக்காவிட்டால் மகனை. அவர் எடுக்கவும் இல்லை, எழவும் இல்லை.

மூன்று மணிக்குக் குரல் மஞ்சள் கவுன் என்று சொன்னபோது, வாசலில் நின்றிருந்த கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மஞ்சள் இல்ல," என்றார். "நீ போட்டுவிட்டதுல பாலைக் கொட்டிக்கிட்டா. நான்தான் கழட்டிட்டு பச்சையை மாட்டிவிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். கையை விட்டவன்தானே, இதையும் ஒழுங்கா பார்க்கலையான்னு கேப்பியேன்னு பயந்துட்டேன். அப்புறம் நாளாக நாளாகச் சொல்ல முடியாமலே போயிடுச்சு."

கணவரை ஒருமையில் பேசியறியாத அறிவிப்பாளர் எழுந்து நின்றார்.

"இருபத்தாறு வருஷமா என் பிள்ளையை மஞ்சள்னு தேட வச்சியே, பாவி!"

குரல் அவர் வாயிலிருந்து வந்தது. மைக் திறந்திருந்ததால் துறைமுகம் முழுக்கக் கேட்டது. கிரேன்கள் சுமையைத் தூக்கியபடி நின்றன. எத்தனையோ பேர் பச்சை கவுன் போட்ட ஒரு குழந்தையைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்து, ஊரில் சிலர் அழுதார்கள்.

அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "அறிவிப்பில் ஒரு திருத்தம். குழந்தை அணிந்திருப்பது பச்சை கவுன்."

"வயசையும் திருத்தணும்லம்மா," என்றார் மேலாளர், எந்த அறிவிப்பிலும் பிழை பொறுக்காதவர்.

அறிவிப்பாளர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "வயது முப்பது" என்றார். அந்தக் குரல் இடறியது அப்போதுதான். அம்மா இங்கேதான் இருக்கிறேன் என்று முடித்து மைக்கை அணைத்தார். குனிந்து மகனின் காதோரம் அவனை ஒரு தடவை கூப்பிட்டார். என்னவென்று கூப்பிட்டார் என்பது வேறு யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாலரை மணிக்கு மூவரும் கப்பலேறினார்கள். அம்மாவும் அப்பாவும் வெவ்வேறு பக்கம் பார்த்து நின்றார்கள். ஐந்து மணிக்கு நங்கூரம் தூக்கியபோது, கரையிலிருந்து திருத்திய அறிவிப்பு பின்னாலேயே வந்தது.

குரல் இன்றும் வேலையில் இருக்கிறது. யாரும் சொல்லித்தராமலே வருடத்துக்கு ஒன்றாக வயதைக் கூட்டிக்கொள்கிறது. இந்த வருடம் முப்பத்து நான்கு. அந்த ஊரில் அந்த வயதுப் பெண்கள், மணி அடித்து அறிவிப்பு முடிந்ததும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, தாங்கள் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறோம் என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறார்கள்.