முயலின் பின்னங்காலைப் பிடித்தவன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யிலிருந்து வந்தது. அது பொய்தானா என்று எனக்கே தெரியாமல் ஒன்பது வருஷமாக என்னைப் போட்டுப் படுத்துகிறது.

சங்கரன்கோவில் கடைத்தெருவில் நான் தையல்காரன். [முதல் வரைவில் 'கதாசிரியன்' என்று எழுதியிருந்தேன். என் பெண்டாட்டி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.] 1979 வரை எனக்கு எதிர் மிஷினில் உட்கார்ந்து தைத்தவன் ரசூல், கடையநல்லூர்க்காரன். நான் எழுதும் எதையும் முதலில் படித்து, "இது நடக்காதுலே" என்று சொல்பவன். துபாய்க்குப் போன பிறகும் தபாலில் அனுப்பிவைக்கிறேன். அங்கிருந்தும் அதையேதான் எழுதுகிறான். இப்போது லீவில் வந்திருக்கிறான். நாளைக்குக் காலையில் கடைக்கு வருவான். அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

2

'கரிசல் காட்டில் பொழுது மெல்ல விடிந்துகொண்டிருந்த அந்தப் பங்குனிக் காலையில்' — சே, இல்லை. விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இளையரசனேந்தல் பஸ் அன்றைக்கு லேட்டு.

'மூன்று நண்பர்கள் ஒரு முயலைத் தேடி' — நண்பர்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆள் மூக்காண்டி அண்ணாச்சி, எங்களிடம் சட்டை தைக்கக் கொடுக்கிற சம்சாரி, காடு கரை வைத்திருக்கும் விவசாயி. முயல் பார்ப்பதில் அவர் கண்ணுக்கு இணை கிடையாது.

சரி, நேராகவே சொல்கிறேன். ரசூல் திங்கட்கிழமை பம்பாய்க்கு ரயிலேற வேண்டும், அங்கிருந்து துபாய். வெள்ளிக்கிழமை துணி வெட்டிக்கொண்டே சொன்னான்: "போறதுக்கு முன்ன ஒரு தடவை முயல் கறி திங்கணும்லே. உம்மாவுக்கும் ரொம்ப நாளா ஆசை."

மறுநாளே கிளம்பிவிட்டோம். ஒரே நிபந்தனை. முயல் உயிரோடு கிடைக்க வேண்டும். அவன் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அவனுக்கும் அவன் உம்மா ஆமினாளுக்கும் ஆகும். கத்தி வைக்குமுன் செத்துவிட்டால் தொட மாட்டார்கள்.

3

மூக்காண்டி அண்ணாச்சி காட்டுக்குள் நுழையுமுன் எங்களுக்குச் சொன்னது:

"படுத்திருக்க முயல், ஆளு நடந்துக்கிட்டே இருந்தா கிடக்கும். நம்மளப் பாக்கலன்னு நினைச்சுக்கும். நின்னேன்னு வையி, பாத்துட்டாம்னு ஓடிரும். கண்டாலும் நிக்கப்படாது. பேசிக்கிட்டு வந்தா பேச்சையும் நிறுத்தப்படாது."

சுற்றிச் சுற்றி நடந்து, வட்டத்தைச் சுருக்கி, கிட்டத்தில் வந்ததும் வலையைப் போட்டு அமுக்க வேண்டும்.* வலை ரசூலிடம். அண்ணாச்சி கையில் கயிறு, கயிற்றில் அவருடைய நாய் ராக்கெட்.

"நாய் வேண்டாம் அண்ணாச்சி, கடிச்சுக் கொன்னுரும்."

"கயித்துலதான வே கிடக்கு!"

பருத்தி எடுத்த பின் காய்ந்த மார் நின்ற புஞ்சையில் புழுக்கையைப் பார்த்துப் பார்த்து அரைமணி நேரம் நடந்தோம். நான் தைத்த சட்டையை அண்ணாச்சி குறை சொல்லிக்கொண்டே வந்தார். "கக்கத்துல பிடிக்கு வே, கையத் தூக்க முடியல, வலது பக்கம் கொழுஞ்சிச் செடிக்கடியில கிடக்கு, நிக்காம வாங்க, காலரும் ஒருபக்கமா இழுக்கு."

சட்டைக்கும் முயலுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை மனுஷன்.

இரண்டு சுற்று வந்தோம். எனக்கு மண்ணும் செடியும்தான் தெரிந்தன. மூன்றாவது சுற்றில் ஒரு கண் தெரிந்தது. இமைக்காத கண், என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயோ, நின்றுவிட்டேன்.

முயல் பாய்ந்தது. ராக்கெட் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே பறந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முயல் நாயின் வாயில் தொங்கியது.

(*முயல் பிடிப்பது சட்டப்படி குற்றம். படிப்பவர்களில் காட்டிலாகாக்காரர் யாராவது இருந்தால், ஐயா, இது வெறும் கதை.)

4

அண்ணாச்சி நாயின் வாயிலிருந்து முயலைப் பிடுங்கி நீட்டினார். நான் பின்னங்கால் இரண்டையும் பிடித்தேன். ரசூல் தலையைப் பிடித்து மேற்கே திருப்பினான். மடக்குக் கத்தியை விரித்தவன் அப்படியே நிறுத்தினான்.

"உயிர் இருக்காலே?"

கண் திறந்துதான் இருந்தது. ஆனால் செடிக்கடியிலும் அப்படித்தானே திறந்திருந்தது.

ரசூலே சொன்னான்: "எனக்குத் தெரியல. காலு ஒன் கையிலதான இருக்கு, துடிக்கா? பாத்துச் சொல்லுலே, உம்மா திங்கப்போறா."

என் உள்ளங்கையில் ஏதோ துடித்தது. முயலின் காலா, ஓடிவந்த என் நாடியா? நின்று கெடுத்தவன் நான். அவன் முகத்தைப் பார்த்தேன். நாளை மறுநாள் இந்த முகம் இங்கே இருக்காது.

"இருக்கு," என்றேன். "சீக்கிரம் அறு."

அறுத்தான். ரத்தம் பீறிட்டது. [இரண்டாம் வரைவில்: வழிந்தது. மூன்றாம் வரைவில்: கசிந்தது.] எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

5

பழியை அண்ணாச்சி மேல் போட்டும் எழுதிப் பார்த்தேன். அதில் அவர் பொய் சொல்கிற ஆள்; உயிர் இருக்கிறது என்று அவர்தான் அடித்துச் சொல்கிறார். கதை நன்றாகத்தான் வந்தது, ஆனால் அவருக்குச் சட்டை அளவெடுக்கையில் மார்பளவை இரண்டு தடவை தப்பாக எழுதினேன். போன மாசம் நேரில் கேட்டே விட்டேன்.

"நான் நாயப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். காலப் பிடிச்சது நீரு. எங்கிட்ட வந்து கேக்கீரே!"

ஒரு முடிவு: கத்தி பட்டதும் முயல் காலை உதறுகிறது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

இன்னொரு முடிவு: "செத்துட்டுலே" என்கிறேன். ரசூல் முயலைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு ரயிலேறு— இதையும் முடிக்க முடியவில்லை.

போன வருஷம் ஆமினாள் மவுத்தாகி அடக்கம் செய்தபோது ரசூலால் வர முடியவில்லை. அப்போது எழுதினான்: 'நீ பிடிச்சுக் கொடுத்த முயல் கறியை உம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாளாம்.' அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவே இல்லை.

6

மற்ற வாசகர்கள் கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்கள்.

ரசூல், நீ அன்றைக்குக் கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியது "தெரியலலே" என்பதுதான். சொல்லியிருந்தால் கத்தியை மடக்கியிருப்பாய். உன்னை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உன் உம்மாவையும் சேர்த்து அந்தப் பதிலில் மாட்டிவிட்டேன். மன்னிச்சிருலே.

நாளைக்கு உன் பழைய மிஷின் முன்னால் உட்கார்ந்து இதைப் படிப்பாய். நான் உன்னைப் பார்க்க மாட்டேன். எதிரே மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பேன், கக்கம், காலர், பித்தான் என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே. நிறுத்தினால் நீ எழுந்து போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

முடிவை நீ எழுது. கீழே இடம் விட்டிருக்கிறேன். 'இது நடக்காதுலே' என்று மட்டும் எழுதிவிடாதே.

நடந்தது.