வரையாமல் வந்தவர்

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், மரபணு ஆலோசனை அறையில் இருக்கும் ஆலோசகர் அம்மா ஒரு குடும்பத்தின் படத்தைப் பென்சிலால் வரைய ஆரம்பித்தால், அந்தக் குடும்பத்தில் இறந்துபோனவர்கள் ஒவ்வொருவராக மாடிப்படி ஏறி வந்து வராந்தாவில் உட்காருவார்கள். இது பத்தொன்பது வருஷமாக நடக்கிறது. ஆண் என்றால் ஒரு கட்டம், பெண் என்றால் ஒரு வட்டம், நோய் இருந்தவர் என்றால் உள்ளே பென்சிலால் நிரப்பல், இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. அந்தக் குறுக்குக் கோட்டை இழுத்து இரண்டு நிமிஷம் ஆனதும் கீழே காலடிச் சத்தம் கேட்கும். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அதில் வரமாட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் வருவதில்லை, அவரவர்க்கு வேலைவெட்டி இருக்கிறதே! வந்தவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். எல்லாரையும் போலச் சுவரில் ஒட்டியிருக்கும் கைகழுவும் முறையைப் படித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தப் படம் இருக்கும் கோப்பை மூடி அலமாரியில் வைத்ததும் எழுந்து வந்த வழியே போய்விடுவார்கள். முதல் வருஷம் ஆறு நாற்காலிதான் இருந்தது. ஒருநாள் பதினேழு பேர் கொண்ட குடும்பம் வந்து பாதிப்பேர் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, நிர்வாகம் நீளப் பெஞ்சுகள் வாங்கிப் போட்டது. மின்விசிறியும் கேட்டு எழுதினார்கள். அது இன்னும் வந்தபாடில்லை.

கட்டம் போடுவதால் அந்த அம்மாவுக்குக் கட்டக்காரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. நோயைக் குணமாக்குவது அவர் வேலையில்லை. இந்த நோய் உங்கள் வீட்டில் எப்படி இறங்கி வந்தது, உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் வர எவ்வளவு வாய்ப்பு, பரிசோதனை செய்தால் என்ன தெரியும், தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. செய் என்றும் சொல்லமாட்டார், செய்யாதே என்றும் சொல்லமாட்டார். தலைகீழாக நின்று கேட்டாலும், "நீங்கதான் முடிவு பண்ணணும், நான் கூட இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. வராந்தாவில் வந்து உட்காருபவர்களால் அவருக்கு உபகாரம் உண்டு. தாத்தா ஏதோ வயிற்றுவலியில் போய்ச் சேர்ந்தார் என்று பேரன் சொல்வான். எட்டிப் பார்த்தால் தாத்தாவின் கண் இரண்டும் மஞ்சளாக இருக்கும், கட்டக்காரம்மா குறித்துக்கொள்வார். ரப்பரை மட்டும் தொடவே மாட்டார். வரைந்ததை அழித்தால் பாதிப் படி ஏறியவர் முகம் வாடித் திரும்பிப் போவதை ஒருமுறை பார்த்திருக்கிறார், அதுவே போதும் என்று ஆகிவிட்டது.

அந்த மாடியைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்குத்தான் இதில் குறை. "உயிரோட இருக்கறவங்களாவது துடைக்கும்போது காலைத் தூக்குறாங்கம்மா, இவங்க அதுகூட இல்லை" என்று பத்தொன்பது வருஷமாகப் புலம்புகிறார். புலம்பினாலும், வயசானவர்கள் உட்காருகிற பெஞ்சை மட்டும் இரண்டு தடவை துடைப்பார்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. அப்பா என்று சொல்லி வரையும் கட்டத்துக்கு, சில சமயம் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். ரத்தம் யாருடையதோ அவர்தான் படியேறுவார், வீட்டில் சொல்லி வளர்த்த கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. இப்படி ஏழு தடவை ஆகியிருக்கிறது. அதனால்தான் ஒரு படிவம் உண்டாயிற்று. எதிர்பாராத ஆள் வந்தால் எனக்குச் சொல்லவும் என்று டிக் போட ஒரு பெட்டி, சொல்ல வேண்டாம் என்று ஒரு பெட்டி. முதலில் படிவம், அடுத்து கதவைச் சாத்துவது, அப்புறம்தான் பென்சில். இந்த வரிசையைக் கட்டக்காரம்மா ஒருநாளும் தவறவிட்டதில்லை, அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

அன்று காலை பத்து மணிக்கு வந்தவள் முடி வெட்டுகிறவள். வயது முப்பத்து மூன்று, சொந்தமாக ஒரு சிறிய கடை, கைவேலையில் கெட்டிக்காரி என்று பெயர். கூட அவள் அம்மா. மகளுக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை. மூன்று வாரத்துக்கு முன் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி ஒரு வாடிக்கையாளரின் காது நுனியில் பட்டுவிட்டதாம். பெரிய காயமில்லை, அந்த மனிதரும் பெருந்தன்மையாகப் போய்விட்டார், ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பா வீட்டில் ஒரு நோய் உண்டு, வீட்டார் அதை ஆட்டம் என்பார்கள். நாற்பதை ஒட்டிக் கை நடுங்கும், அப்புறம் கால், அப்புறம் தலை, அப்புறம் பேச்சு போகும், ஆளும் போவார். அப்பாவின் அம்மா அதில் போனார், அண்ணன் போனார், பதினோரு மாதத்துக்கு முன் அப்பாவும் போனார். அப்பா ஒரு பெரிய கடையில் லிஃப்ட் ஓட்டியவர்; கை நடுங்கி மூன்றாம் மாடிக்குப் பதில் ஆறாம் மாடிப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தபோது வேலை போயிற்று. கடைசி ஒரு வருஷம் மகள்தான் ஊட்டிவிட்டாள். ஆடுகிற தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முடியும் அவளேதான் வெட்டிவிடுவாள், வேறு யார் கத்தரிக்கோலோடு பக்கத்தில் போனாலும் பயம்.

"பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு சொல்றாங்க மேடம். எனக்கு ஆமாவா இல்லையான்னு தெரிஞ்சா போதும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இங்க வந்தா அப்பாவைப் பார்க்கலாம்னும் சொன்னாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுடைய இரண்டு கையும் மடியில் படபடவென்று அடித்துக்கொண்டன. அது நோயா, மூன்று வாரம் தூங்காத கையா என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பெண் முதலில் அப்பாவைப் பார்க்கட்டும், கை தானாக அடங்கும் என்று நினைத்து, படிவமும் எடுக்காமல் கதவும் சாத்தாமல் பென்சிலை எடுத்துவிட்டார். மகளுக்கு ஒரு வட்டம், அம்மாவுக்கு ஒரு வட்டம், அப்பாவுக்கு ஒரு கட்டம், நிரப்பி, குறுக்கே கோடு. மேலே அப்பாவின் அம்மா, பக்கத்தில் அண்ணன், இரண்டையும் நிரப்பி, இரண்டுக்கும் கோடு.

காலடி கேட்டது. பத்தொன்பது வருஷக் காது அல்லவா, கேட்ட மாத்திரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஆட்டக்காரர்கள் படியேறினால் இழுத்து, தட்டி, நின்று, மறுபடி இழுத்து வருவார்கள். இதுவோ மூன்று பேரும் திடமாக, சீராக, கடைக்குப் போகிறவர்கள் மாதிரி ஏறி வந்தார்கள். கட்டக்காரம்மா எழுந்து வாசலுக்குப் போனார். பெஞ்சில் கல்லுக்குண்டு மாதிரி ஒரு கிழவி, அவர் பக்கத்தில் அவர் ஜாடையில் ஒருவர், இந்தப் பக்கம் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்த இன்னொருவர். ஒருவர் கையும் இம்மி நடுங்கவில்லை.

பின்னாலேயே வந்த பெண்ணின் அம்மா அந்த ஸ்க்ரூடிரைவர்காரரைப் பார்த்தாள். "ஐயோ, இவர் போய்ட்டாரா?" என்றாள், யாரிடமும் இல்லாமல். ரேடியோ ரிப்பேர்காரர் அவர். இறந்துபோன செய்தி அவளுக்கு அந்த வாசலில்தான் கிடைத்தது.

மகளும் எட்டிப் பார்த்தாள். வேறு யாராவது என்றால் மூக்கைப் பார்த்திருப்பார்கள், முகவாயைப் பார்த்திருப்பார்கள். இவள் முடி வெட்டுகிறவள், உச்சந்தலையைத்தான் பார்த்தாள். ரேடியோக்காரருக்கு இரட்டைச் சுழி, ஒன்று வலம், ஒன்று இடம், நடுவில் எந்தச் சீப்புக்கும் படியாமல் நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கற்றை. அதோடுதான் அவள் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் மல்லுக்கட்டுகிறாள்.

கட்டக்காரம்மா மென்று முழுங்கவில்லை. இருவரையும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும். கேட்காம வரைஞ்சது என் தப்பு" என்றார். மகள் இரண்டு பெட்டிகளையும் படித்தாள். "பார்த்தாச்சே மேடம், இனிமே எதுல டிக் போட?" என்று அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மா முந்தானை நுனியைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். அப்புறம் சொன்னாள். "அந்த ரேடியோக்காரரு வேலைன்னு வெளியூர் போனாரு, திரும்பி வரலை. அப்போ நீ வயித்துல மூணு மாசம். நான் உங்கப்பா வேலை பார்த்த கடையில, ஏழாவது மாடி தையல் பிரிவுல இருந்தேன். உங்கப்பா லிஃப்ட்ல தினமும் பார்ப்பாரு. ஒருநாள் ஏன் முகம் இப்படி இருக்குன்னு கேட்டாரு. நாலாவது மாடி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க அண்ணன் போய் ஆறு மாசம் அப்போ. 'எனக்குப் பிள்ளைன்னா உயிரு, ஆனா எங்க வீட்டு ஆட்டத்தை இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேன்னு இருந்தேன். உனக்குச் சம்மதம்னா இந்தப் பிள்ளைக்கு நான் அப்பாவா இருக்கேன்'னாரு. ஏழாவது மாடியில இறங்கும்போது சரின்னேன்."

"மூணு வாரமா நான் செத்துப் பிழைக்கிறதைப் பார்த்துட்டு வாயை மூடிட்டு இருந்தியேம்மா" என்றாள் மகள். குரலில் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம்தான். "உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீ அப்பான்னு கூப்பிடறதை நிறுத்திடுவியோன்னு பயம் அவருக்கு. ரத்தம் பார்த்தா இல்லைன்னு வந்துடும், யாருக்கும் தெரியாம முடிஞ்சிடும்னு நினைச்சுத்தான் கூடவே வந்தேன்" என்று அம்மா அழுதாள்.

"அப்போ எனக்கு ஆட்டம் வராது" என்றாள் மகள்.

"அவர் வழியா வர வழியில்லைங்க. ரத்தப் பரிசோதனை வேணும்னா செய்யலாம், அது உங்க இஷ்டம்" என்றார் கட்டக்காரம்மா.

இந்த வார்த்தையைக் கேட்டு அதே நாற்காலியில் துள்ளிக் குதித்தவர்கள் உண்டு, மேஜையில் தலைவைத்து அழுதவர்கள் உண்டு. இவள் இரண்டும் செய்யவில்லை. கை மடியில் அசையாமல் கிடந்தது, அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. "ஒரு வருஷம் ஊட்டி விட்டிருக்கேன் மேடம். எனக்கு வரும்னு பயந்தப்போகூட, அப்பா குடுத்ததுதானேன்னு ஒரு ஆறுதல் இருந்துச்சு. இப்ப அவரை இந்தப் படத்துல எங்க போடுவீங்க?" என்று கேட்டாள்.

ரத்த உறவில்லாமல் வளர்த்தவர்களுக்குப் புள்ளிக்கோடு என்று ஒரு முறை இருக்கிறது. கட்டக்காரம்மா அதற்காகத்தான் பென்சிலை எடுத்தார். பென்சில் தாளைத் தொடவில்லை. இதை அவரே பிற்பாடு தன் குறிப்பேட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதி வைத்திருக்கிறார். தொடுவதற்குள் கீழே படியில் ஒரு காலடி கேட்டது. இழுத்தது, தட்டியது, நின்றது, மறுபடி இழுத்தது. கைப்பிடிக் கம்பி நெடுக ஒரு கை தடதடவென்று மோதிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் வரையாமல் ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாழ்நாளெல்லாம் லிஃப்டில் ஏறி இறங்கியவர் இரண்டு மாடிப் படியை ஏற ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டார். துடைக்கிற அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஈரத்தில் வழுக்கிவிடப் போகிறதே என்று கடைசி நாலு படிக்கு அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பெஞ்சில் வேண்டிய இடம் இருந்தும், ரேடியோக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

மகள் கதவைத் திறந்துகொண்டு போனவள், "இவ்ளோ தூரம் ஏன் தனியா வந்தீங்க அப்பா" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஆடுகிற தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். காது மேலே முடி வளர்ந்திருந்ததை விரலால் ஒதுக்கினாள். அவர் மகளுடைய வலது கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அது நடுங்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, துடைக்கிற அக்கா வாளியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார். அங்கே அன்று துடைக்க வேண்டியதே இல்லை.

மதியம் ஒரு மணிக்குக் கோப்பை மூட வேண்டும். கட்டக்காரம்மா பென்சிலோடு உட்கார்ந்து யோசித்தார். முறைப்படி பார்த்தால் புள்ளிக்கோடு போட்டு அந்தக் கட்டத்தை வரைய வேண்டும், வரையாவிட்டால் படம் அரைகுறை. ஆனால் வரைந்தவர்தான் கோப்பை மூடினால் போகிறார். தாளிலே இல்லாதவரை எந்தக் கோப்பு அனுப்பும்? காலையில் செய்தது அவசரத்தில் செய்த தப்பு, இப்போது செய்ததைத் தெரிந்தே செய்தார். பென்சிலை டப்பாவில் போட்டார், கோப்பை மூடினார், அலமாரியில் வைத்தார். கிழவி எழுந்தார், அவர் ஜாடைக்காரர் எழுந்தார். ரேடியோக்காரர் போகுமுன் மகளின் உச்சந்தலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினார். லிஃப்ட்காரர் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தார்.

மகள் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது, நோய் இல்லை. ஆனால் அந்தப் புதன்கிழமையே அவள் கடையைத் திறந்துவிட்டாள், சாயங்காலம் ஐந்து பேருக்கு வெட்டினாள், ஐந்து பேர் காதும் பத்திரமாக இருந்தது. அதற்கு முன்னால் மருத்துவமனை வாசலில் பஸ் வந்தது. ஒரு பக்கம் மகளும் ஒரு பக்கம் அம்மாவும் பிடித்து அவரைத் தூக்கி ஏற்றினார்கள். ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். எத்தனை பேர் என்று கண்டக்டர் கேட்டார்.

"மூணு" என்றாள் மகள்.