தம்பி வீட்டுக்கு டீப் ஃப்ரீசரில்

எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொன்னதில்லை. கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. எல்லாவற்றையும் அந்த மழையே கூட்டிவிட்டது.

மூன்று நாள். முதல் நாள் மழை பெய்தது. இரண்டாம் நாள் பெய்ததென்று சொல்ல முடியாது. வானம் அப்படியே இறங்கி வந்து தெருவில் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் காக்கைகள் பறப்பதைக் கைவிட்டுவிட்டு மின்கம்பி மேல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோயின. தபால் பெட்டியின் வாய் வழியாக ஒரு கெளுத்தி மீன் எட்டிப் பார்த்ததைக் கண்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார், அதனால் நம்பலாம்.

அந்தத் தெருவில் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இருந்தார். கீழே கடை, மேலே ஒற்றை அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தபந்தம் அவருக்கு வைத்திருந்த பேர் ரேடியோ. காலையில் ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் மத்தியானத்துக்குள் தெருநாய் உட்பட எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவருடைய அக்கா உண்டாகியிருக்கிற செய்தியை அத்தான் தெரிந்துகொண்டதே முடிவெட்டும் கடையில்தான், பாதி மீசை ஒதுக்கியிருக்கும்போது.

மூன்றாம் நாள் விடிந்தபோது கடைக்குள் தண்ணீர் ஆள் உயரம் நின்றது. ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜுகளெல்லாம் மிதந்து எழுந்து கூரையை டொக் டொக்கென்று தட்டின. மேலே கட்டிலில் படுத்திருந்தவர் தூக்கக் கலக்கத்தில் "யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

விழித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது தம்பி. தம்பிக்கு அணையில் மதகு திறந்து மூடுகிற வேலை. வீடு வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில், தரைத்தளம். இந்தத் தெருவிலேயே ஆள் உயரம் என்றால் அங்கே? போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பதினாறு தடவை போட்டார். பதினாறு தடவையும் அந்தப் பெண் சலிக்காமல் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு டவரும் போயிற்று.

அந்த நேரத்தில்தான் ஐஸ்கிரீம் கடைக்காரர் போட்டுவிட்டுப் போயிருந்த டீப் ஃப்ரீசர், ஷட்டரை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் ஆட்டோ மாதிரி நின்றது. அதில் கம்ப்ரஸர் இல்லை, கழற்றிப் பரணில் வைத்திருந்தார்; அதனால் எடை குறைவு. ஆனால் எந்த டீப் ஃப்ரீசருக்கும் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. தெரியாதவன் ஏறினால் பத்தடியில் முழுகிப் போவான். மெக்கானிக் ரப்பர் துண்டு ஒன்றைச் சுருட்டி அதில் திணித்தார், மேலே பசையை அப்பினார், மூடியைக் கழற்றிப் போட்டார், தன் அறை மின்விசிறியின் இறக்கை ஒன்றைக் கழற்றித் துடுப்பாக எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஃப்ரீசர் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பியது.

எதிர்வீட்டுத் தகரக் கூரையில் இஸ்திரி போடுகிறவர் உட்கார்ந்திருந்தார். மடியில் இஸ்திரிப் பெட்டி.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"தம்பி வீட்டுக்கு. அவனுக்கு நீச்சல் தெரியாதுப்பா."

"அணையில வேலை பாக்கறவருக்கா?"

"பேங்க்ல வேலை பாக்கறவன்லாம் பணக்காரனா?"

"அதுவும் சரிதான். வழியில என் மச்சினனைப் பாத்தா, நான் உயிரோட இருக்கேன்னு சொல்லிடுங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. இருந்தாலும் சொல்லுங்க."

அடுத்த வீட்டு மாடி ஜன்னலில் டைப்பிஸ்ட் அம்மா. "ரேடியோ சார்! எங்க பொண்ணு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா, அந்தப் பக்கம் போனா சத்தம் போட்டுச் சொல்லுங்க. பாட்டியை அலமாரி மேல படுக்க வெச்சிருக்கோம், நல்லாத் தூங்கறாங்கன்னு."

தெருமுனை போவதற்குள் பதினொரு செய்தி சேர்ந்துவிட்டது. எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் அது ரேடியோவா? ஒவ்வொரு மொட்டைமாடியாக நின்று கத்திக்கொண்டே போனார். இஸ்திரிக்காரரின் மச்சினன் தண்ணீர்த் தொட்டி மேல் நின்றபடி, "அந்த ஆளை வெள்ளம் தொடாதுன்னு எனக்குத் தெரியும், வெள்ளத்துக்கும் மானம் மரியாதை இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியிலிருந்து நர்ஸ் பெண் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

பேருந்து நிறுத்தத்தின் பலகை மேல் ஒரு பாம்பும் ஒரு எலியும் ஒரு தவளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. ஃப்ரீசர் பக்கத்தில் வந்ததும் பாம்பு கொஞ்சம் நகர்ந்து இவருக்கும் இடம் விட்டது. வேண்டாமென்று தலையசைத்துவிட்டுத் துடுப்புப் போட்டார்.

தம்பி வீட்டை அடைந்தபோது ஜன்னலின் மேல்விளிம்புவரை தண்ணீர். "டேய்!" என்று கத்தினார். "டேய், நான்தான்டா!" கதவில் பூட்டு தொங்குவது கலங்கல் தண்ணீருக்குள்ளே கை வைத்தபோது தட்டுப்பட்டது. தம்பி எப்போதும் வாசலை வெளியே பூட்டிவிட்டு, கொல்லைப்பக்கமாக உள்ளே போய் இருந்துகொள்கிறவன். கடன்காரனுக்காக அல்ல, அண்ணன் திடீரென்று வந்துவிடக்கூடாதே என்பதற்காக என்று அவன் பெண்டாட்டி ஒருதரம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். உள்ளேயே மாட்டிக்கொண்டானோ?

வென்டிலேட்டர் கண்ணாடியைத் துடுப்பால் உடைத்துத் தலையை உள்ளே விட்டார்.

யாரும் இல்லை. அழப்போனார். வாயைக் கோணிக்கொண்டு தயாராகிவிட்டார்கூட. அப்போதுதான் கூரையைப் பார்த்தார்.

மின்விசிறி இல்லை. கொக்கி மட்டும் தொங்கியது. வெள்ளம் கட்டிலை இழுக்கும், கதவைப் பெயர்க்கும், மாட்டையே அடித்துக்கொண்டு போகும், மறுக்கவில்லை. ஆனால் எந்த வெள்ளமும் கூரை மின்விசிறியை ஸ்க்ரூ கழற்றி இறக்காது. அப்படியே இறக்கினாலும், அறுந்த ஒயர் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றாது. இங்கே சுற்றியிருந்தது. தனித்தனியாக, மூன்று சுற்று, கடைசி நுனியைப் பிரிக்க வசதியாகக் கொஞ்சம் மடித்து. அப்படி மடிக்கிற பழக்கம் ஊரிலேயே இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் மெக்கானிக். மற்றவனுக்கு அதைப் பன்னிரண்டு வயதில் கைபிடித்துக் கற்றுக் கொடுத்ததும் மெக்கானிக்.

ஜன்னலில் திரை இல்லை, திரை மாட்டுகிற கம்பியும் இல்லை. சுவரில் உயரத்தில் காலண்டர் மாட்டிய ஆணியைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள். அவசரமாகப் போனவன் ஆணி பிடுங்குவானா?

தலையை வெளியே இழுத்துக்கொண்டார். பிறகு மேட்டுத்தெருப் பக்கமாகத் துடுப்பைத் திருப்பினார்.

அக்கா வீடு மேட்டில், மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தின் முதல் படியில்கூட ஈரமில்லை. மேலே ஏறினார். கதவு திறந்திருந்தது. கூடத்தில் தம்பியின் கட்டில், தம்பியின் டிவி, தம்பி பெண்டாட்டியின் தையல் மெஷின், வாசல் பூந்தொட்டிகள் ஏழும் உயரவாரியாக. தம்பி மின்விசிறியை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அத்தான் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, ரேடியோ!" என்றாள் அக்கா.

சொட்டச் சொட்ட நின்ற அண்ணனைப் பார்த்ததும் தம்பி எழுந்தான். மின்விசிறி தடாலென்று விழுந்தது.

"எப்ப வந்தீங்க இங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"முந்தாநாள் மத்தியானம்ணே."

"முந்தாநாள் தண்ணியே வரலையே."

அத்தான் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். "மாப்ள, உக்காரு முதல்ல. துண்டு எடுத்துக் குடும்மா அவனுக்கு. விஷயம் என்னன்னா, அணை திறக்கப் போறாங்கன்னு இவனுக்கு ஆபீஸ்ல முன்னாடியே தெரியும். பெரிய ஆபீசர் கையெழுத்துப் போடற வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு. அதான் வேன் எடுத்துட்டுப் போய்..."

"எனக்கு?"

"நாங்க உக்காந்து பேசினோம் மாப்ள. நல்லா யோசிச்சு, ஓட்டு எடுத்துத்தான் முடிவு பண்ணினோம்."

"என்ன ஓட்டு?"

"உனக்குச் சொல்லலாமா வேண்டாமான்னு. வேண்டாம்னு மூணு, சொல்லலாம்னு ஒண்ணு."

மெக்கானிக் நாலு முகங்களையும் பார்த்தார். "அந்த ஒண்ணு யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா. "நான்தான்" என்றார் அத்தான். "நான்தாங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி, மெஷின் பக்கத்திலிருந்து. தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, சத்தியமா நான்தான்" என்றான்.

பிறகு நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினாறு தடவை போன் போட்டேன்டா" என்றார் மெக்கானிக். "உனக்கு நீச்சல் தெரியாதேன்னு."

"அண்ணே, நான் சொல்றதைக் கேளு. உன் தெருவுல நாப்பது வீடு. நாப்பதும் ஒரே நேரத்துல சாமான் தூக்கினா, யாருடா சொன்னதுன்னு கேப்பாங்க. உன் பேரைச் சொல்லுவாங்க. உன் தம்பி எங்க வேலை பாக்கறான்னு ஊருக்கே தெரியும். அதையும் நீதானே சொல்லி வெச்சிருக்க? எனக்கு வேலை போயிடும்ணே."

"எனக்கு மட்டும் சொல்லிட்டு, வெளிய சொல்லாதேன்னு சொல்லியிருக்கலாமேடா."

அக்கா துண்டை நீட்டிக்கொண்டே முன்னால் வந்தாள். "சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

மெக்கானிக் நெஞ்சைத் தொட்டார். சட்டை ஈரத்தில் கை ஒட்டிக்கொண்டது.

"இருந்திருக்க மாட்டேன்" என்றார். "நாப்பது கதவையும் தட்டியிருப்பேன். அங்க ஒரு பாட்டியை அலமாரி மேல படுக்க வெச்சிருக்காங்க. இஸ்திரிக்காரன் ஊரார் துணியெல்லாம் வெள்ளத்துல போக வெறும் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். உங்களால ஒரு ஆணியைக்கூட விட்டுட்டு வர முடியல. என்னை விட்டுட்டு வந்திருக்கீங்க."

துண்டை வாங்காமல் இறங்கினார். "சாப்டுட்டாவது போ" என்று அக்கா படிவரை வந்தாள். தம்பி வரவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு மாடியாகக் கேட்டார்கள். தண்ணீர்த்தொட்டி மேலிருந்த மச்சினன் கேட்டான், ஆஸ்பத்திரி மாடியிலிருந்து நர்ஸ் பெண் கேட்டாள், கடைசியில் தகரக் கூரையிலிருந்து இஸ்திரிக்காரர் எழுந்து நின்று கேட்டார்: "என்னண்ணே ஆச்சு? தம்பி?"

"நல்லா இருக்கான்."

"அப்பாடா!" இஸ்திரிக்காரருக்கு உண்மையிலேயே உயிர் வந்தது. "நாங்கல்லாம் வேண்டிக்கிட்டே இருந்தோம்ணே. எப்படித் தப்பிச்சாராம்?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஃப்ரீசரை மாடிப்படியில் கட்டினார். அந்தத் தெரு வரலாற்றில் ரேடியோ பாதியில் நின்றது அன்றைக்குத்தான்.

அடுத்த வருஷ மழைக்கு, அணை திறக்கப் போவதைச் சொல்லத் தம்பி முதல் போனை அண்ணனுக்குத்தான் போட்டான். அன்று மத்தியானமே மெக்கானிக் கடைச்சாமான் அத்தனையையும் மாடிக்கு ஏற்றிவிட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டினார், தெருவில் ஒரு கதவையும் தட்டவில்லை.