எழுந்துட்டு வந்தியா?

குலாம் ரசூல் பினாங்குக்குப் போகிறான் என்று பரசுராமன் வந்து சொன்னபோது, ரசூல் மேல் வந்த கோபத்தில் பரசுராமனைத் திட்டித் தீர்த்தேன். ரசூலை நேரில் பார்த்தபோது அதைக்கூடச் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். பொங்கலுக்கு அரக்கோணத்தில் நடக்கும் சடுகுடு பந்தயத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவது என்று வருஷக்கணக்காக மணலில் புரண்டவர்கள் நாங்கள். கைக்கு எட்டுகிற நேரத்தில் ஒருத்தன் கப்பலேறப் போகிறேன் என்றால் வயிறு எரியாதா?

அவன் மாமா பினாங்கில் லுங்கிக் கடை வைத்திருந்தார். யுத்தத்தில் மூடிக் கிடந்த கடை. யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் கடையைத் திறந்துவிட்டு, கூடமாட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ரசூலின் அப்பா ஜமீல் அகமது பாய் ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர். பஞ்சர் ஒட்டியே எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றுவார்? நியாயமெல்லாம் எனக்கும் தெரியும். நியாயம் தெரிந்தவனுக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது?

நாங்கள் ஆடியது நந்தியாற்று மணலில். பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போவது ரசூலின் வேலை. "சடுகுடு சடுகுடு" என்று அவன் ஆரம்பித்தால் எதிராளிகளுக்குக் கால் தரையில் நிற்காது. அவன் தம் அப்படி. பார்த்துக்கொண்டிருக்கிற நாம் மூன்று தடவை மூச்சு வாங்கியிருப்போம், அவன் முதல் மூச்சிலேயே இருப்பான். நான் அதற்கு நேர்மாறு. வருகிறவனை மடக்கிப் பிடிக்கத்தான் நான் லாயக்கு. பாடப் போனால் போன வேகத்தில் மூச்சு முட்டிப் பரிதாபமாக நிற்பேன்.

சடுகுடுவில் பிடிபட்டவன் செத்தவன். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட வேண்டும். அவன் கோஷ்டி ஆள் ஒருவன் எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால், முதலில் செத்தவன் எழுந்து உள்ளே வரலாம். எழுந்தவனுக்குத்தான் அடுத்த பாட்டு. எங்கள் ஆற்றில் ஆட்டம் இப்படித்தான். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் இருட்டிவிட்டது என்று நாகேந்திரன் செத்தபடியே வீட்டுக்குப் போனான். மறுநாள் கோயில் மலைப்படியில் சறுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். அதிலிருந்து, செத்தவனை எழுப்பாமல் யாரும் ஆற்றைவிட்டு ஏறுவதில்லை என்று ஆயிற்று.

இதில் ரசூலின் அம்மா ஷரீபுன்னிசா எங்களையும் மிஞ்சியவர். மகன் வாசலில் கால் வைத்ததும் பசிக்கிறதா என்று கேட்க மாட்டார். "எழுந்துட்டு வந்தியா?" என்றுதான் கேட்பார். "ஆங், எழுந்துட்டேன்" என்று அவன் சொன்ன பிறகுதான் கதவு முழுதாகத் திறக்கும். கூட நிற்கிற எங்களுக்கும் அதே கேள்விதான்.

அவன் புறப்படுகிற நாள் வந்தது. ரயில் சாயங்காலம். அதற்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறேன் என்று ரசூல் பொதட்டூர்பேட்டைக்காரர்களை அழைத்திருந்தான். அவர்கள் தறியை நிறுத்திவிட்டு, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முகமெல்லாம் புகை. அவர்களுக்குத் தலைவர் சிங்காரம் அண்ணன், எங்களைவிட மூத்தவர், மொத்த உடம்பு. ஒருவன் இடுப்பைப் பிடித்தாரென்றால் அவராக விட்டால்தான் உண்டு.

"பினாங்குல நீ விக்கப்போறது நாங்க நெய்யற லுங்கிதான்டா தம்பி. இன்னிக்கு உன்னைப் புடிச்சு இங்கியே வச்சிகினா அதெல்லாம் யாரு விப்பாங்க?" என்றார் ரசூலிடம். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆற்றிலிருந்து சடுகுடு சத்தம் கேட்டது. கால் தானாக மணலில் இறங்கிவிட்டது. மானங்கெட்ட கால். ரசூல் கையை நீட்டினான். நானும் கோத்துக்கொண்டேன். பிடி போடும்போது அவன் இடது கையும் என் வலது கையும் கோத்திருப்பது எப்போதும் உள்ள வழக்கம். அது ஆட்டம், அதில் பேச்சு தேவையில்லை.

அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பில் மணல் ஒட்டுகிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மடக்கிய ஒருவன் மூச்சை விட்டுவிட்டு மல்லாந்து படுத்துச் சிரித்தான், நாங்களும் அவன் மேலேயே விழுந்து சிரித்தோம். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடுத்து ரசூல் பாடப் போனான். அவன் மனசு ஆட்டத்தில் இல்லை. திரும்பித் திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டு போனவன் சிங்காரம் அண்ணன் கையில் மாட்டிக்கொண்டான். எங்கள் பக்கத்தில் முதல் சாவு அவன்தான். அவன் போனதும் மற்றவர்கள் மளமளவென்று விழுந்தார்கள். பரசுராமன் போனான், நாகேந்திரன் போனான். கடைசியில் கோட்டுக்குள் நான் மட்டும் நின்றேன். பாடியே ஆக வேண்டும்.

நான் கோட்டைத் தாண்டுவதற்குள் கரைமேல் சைக்கிள் மணி அடித்தது. ஜமீல் பாய்.

"டேய் ரசூல்! ஜட்கா வந்து நின்னுகினு இருக்குது. ரயிலு உனக்காக நிக்குமா?"

அவ்வளவுதான். ஆட்டம் கலைந்தது. ஆளாளுக்கு ரசூலைக் கட்டிக்கொண்டார்கள். பரசுராமன் அழுதுவிட்டான். ரசூலைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். நான் பின்னாலேயே துண்டை உதறிக்கொண்டு போனேன். கோபம் திரும்ப வந்திருந்தது.

ஸ்டேஷனுக்கு இரண்டு கோஷ்டியும் வந்துவிட்டது. ஆற்றிலிருந்து நேரே வந்த ரசூல், ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி, பாய் கொண்டுவந்த புதுச்சட்டையைப் போட்டிருந்தான். பிளாட்பாரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய பக்தர்கள் கூட்டம். ஜட்காவிலிருந்து ஷரீபுன்னிசா அம்மா புர்காவோடு இறங்கி வந்து மகன் கையைப் பிடித்தார். பிடித்ததும், பழக்கம்தானே, வாய் தானாகக் கேட்டது.

"எழுந்துட்டு வந்தியா?"

ரசூல் எழாமலேயே வந்திருந்தான். அம்மாவிடம் அவனுக்குப் பொய் வராது. எங்களைப் பார்த்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அடித்துப் பிடித்துக் கரையேறியதில் ஒருத்தனுக்கும் அந்த ஞாபகம் வரவில்லை.

"இன்னா இது, சின்னப் புள்ளைங்க விளையாட்டைப் போய் இப்ப பேசிகினு" என்றார் பாய்.

"எனக்கு விளையாட்டு இல்லைங்க" என்றார் அம்மா. "கடல்மேல போற புள்ள. செத்தவனா அனுப்ப மாட்டேன்." மகனுடைய டிரங்குப் பெட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் எஞ்சின் ஊதியது.

எழுப்புவதென்றால் உயிரோடு இருக்கிற ஆள்தான் எழுப்ப முடியும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் போகாவிட்டால் அவன் எழ முடியாது. எழாவிட்டால் அம்மா பெட்டியைவிட்டு நகரமாட்டார். பெட்டி நகராவிட்டால் பினாங்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குள் பரசுராமன் பிளாட்பாரத்து மண்ணில் குதிகாலால் ஒரு கோடு இழுத்துவிட்டான். ரசூல் புதுச்சட்டை புழுதியாவதைப் பார்க்காமல் கோட்டோரமாகத் தரையில் உட்கார்ந்தான்.

"கங்கா, எழுப்புடா" என்றான்.

இத்தனை நாளில் அவன் என்னிடம் பேசியது அதுதான். காற்றை இழுத்துக்கொண்டு, "சடுகுடு சடுகுடு" என்று கோட்டைத் தாண்டினேன். மொட்டைத் தலைகள் விலகி வழிவிட்டன. சிங்காரம் அண்ணன் கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தார். எப்படியும் சும்மா நிற்பார் என்று நினைத்து அவர் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து என் இடுப்பில் உடும்புப் பிடி விழுந்தது.

விடுங்கள் அண்ணே என்று சொல்லவும் முடியாது. வாயில் சடுகுடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தினால் செத்தேன், நான் மட்டும் இல்லை. ரயில் உள்ளே வந்து நின்றுவிட்டது. அந்த மலை போன்ற மனிதரை இழுத்துக்கொண்டு ஓரடி, இன்னும் ஓரடி. கண் இருட்டியது. காதில் என் குரல் எறும்புக் குரலாகத் தேய்ந்தது. முட்டி மடங்கி விழுந்தேன். விழுந்த கையின் நடுவிரல் கோட்டைத் தொட்டது.

"எழுந்துட்டான்!" என்று இரண்டு கோஷ்டியும் கத்தியது.

"இன்னாண்ணே, இப்படியா புடிப்பாங்க?" என்று பரசுராமன் சிங்காரம் அண்ணனிடம் சண்டைக்குப் போனான்.

"புடிக்காம வுட்டா அது எழுப்புனதாடா?" என்றார் அவர், என்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டே. "சும்மாங்காட்டி எழுந்தவனைக் கடல் தாண்ட அனுப்புவியா?"

ஷரீபுன்னிசா அம்மா பெட்டியைவிட்டு எழுந்தார். மகன் சட்டையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டு, "இப்ப போ" என்றார். பாய் பெட்டியை உள்ளே தள்ளினார். ரசூல் ஏறி ஜன்னலுக்கு வந்தான். கார்டு விசில் ஊதிவிட்டார். போய்ட்டு வாடா என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் நான் ஜன்னலோரம் போனேன். சொல்ல மூச்சு இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரைத்தேன். அவன் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, பிடி போடுகிற மாதிரி என் விரல்களைக் கோத்துக்கொண்டான். ரயில் நகர்ந்தது.

"ரசூல், எழுந்தவனுக்குத்தான் அடுத்த பாட்டு! மறந்துட்டியா?" என்று பின்னாலிருந்து பரசுராமன் கத்தினான்.

ரசூல் சிரித்தான். ஒரு மூச்சை இழுத்தான். "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று ஆரம்பித்தான். விரல்கள் விடுபட்டன. நான் கூடவே ஓடினேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கேட்டுக்கொண்டே போயிற்று. தேய்ந்ததே தவிர, அறுந்து நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் ஆகிவிட்டது. அரக்கோணத்தில் இரண்டு தடவையும் தோற்றோம். சந்தைக்கு லுங்கி கொண்டுவரும்போதெல்லாம் சிங்காரம் அண்ணன் என்னைப் பார்த்து, "உங்காளு இன்னும் மூச்சு வுடலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்கு அவன் ஞாபகம் வந்தால் நெஞ்சு வலிக்கும், அதை மறைக்க எதையாவது எரிச்சலாகப் பேசுவேன்.

நேற்று பாய் கடைக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். கடைக்குப் பின்னால் வீடு. கதவிடுக்கிலிருந்து ஷரீபுன்னிசா அம்மா கூப்பிட்டார்.

"கங்கா, பாடப் போனவன் கோட்டுக்குத் திரும்பிதானே ஆவணும்?"

"ஆங், ஆவணும்மா. அதான் ஆட்டம்."

"அதுவரைக்கும் மூச்சு வுடக் கூடாது, இல்ல?"

"வுட மாட்டாம்மா. அவன் தம் உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் கதவை முழுதாகத் திறந்து எனக்கு டீ கொடுத்தார்.