விசில் ஊதினால் இரண்டு மடக்கு

இளவரசியின் சைக்கிளில் அன்று இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். சைக்கிள் குழுவை நடத்தும் தேவா வந்து இரண்டையும் உருவி ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"இன்னிக்கி மேடம் பாட்டில் ரெண்டும் திண்டிவனம் போறதுக்குள்ள காலியாவணும். அதுக்கு நான் பொறுப்பு."

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, விடியற்காலையில் சைக்கிளோடு நின்றிருந்த பதினோரு ஆண்களும் சிரித்தார்கள். இளவரசியும் சிரித்து வைத்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண்.

போன மாதமும் இதே சவாரிதான். திண்டிவனம் போய்விட்டுத் திரும்பும் வழியில், கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக்கொண்டன. கண் இருட்டி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு லோடு வண்டியில் ஏற்றி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. "வெயில்ல இவ்ளோ தூரம் சைக்கிள் மிதிக்கிறீங்க, தண்ணி குடிக்க மாட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மறுநாள் தேவா வாட்ஸ்அப் குழுவில், 'மேடத்தோட பாட்டில் ஃபுல்லா அப்படியே இருந்துச்சு' என்று எழுதினான். அன்றிலிருந்து ஆளாளுக்கு அவளுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம், எத்தனை மில்லி, உப்பு எவ்வளவு என்று படம் போட்டு அனுப்பினார்கள்.

ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இளவரசி கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினெட்டு டீச்சர்களுக்கு ஒரே கழிவறை. அதிலும் பாதி நாள் தண்ணீர் வராது. காலையில் வீட்டில் அரை டம்ளர் குடித்துவிட்டுப் பஸ் ஏறினால், அடுத்த வாய் தண்ணீர் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். பதினாறு வருடமாக உடம்பை அப்படிப் பழக்கி வைத்திருந்தாள். நாக்கு வறண்டாலும் அது தாகம் என்றே அவளுக்குத் தோன்றுவதில்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று ரிப்போர்ட் வந்த வருடம்தான் சைக்கிள் வாங்கினாள். நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதை விடக்கூடாது என்பதற்காகத்தான் இன்று சொன்னபடி கேட்பது என்று முடிவு செய்திருந்தாள்.

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை தேவா விசில் ஊதினான். ஊதியபோதெல்லாம் எல்லோரும் இரண்டு மடக்கு குடித்தார்கள். இளவரசியும் குடித்தாள். முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு விசில். விக்கிரவாண்டி வந்தபோது மூன்று. தண்ணீர் உள்ளே போகப் போகக் கால்கள் லேசாகத்தான் இருந்தன. அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் விக்கிரவாண்டி தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே அடிவயிறு முட்ட ஆரம்பித்துவிட்டது.

தேவா ஓர் இடத்தில் வண்டிகளை நிறுத்தினான். ஆண்கள் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் போய்விட்டு, இரண்டே நிமிடத்தில் கையை உதறிக்கொண்டு வந்தார்கள். போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாதுரை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீயும் அந்தாண்ட போய்ட்டு வாம்மா. நாங்க திரும்பி நின்னுக்கிறோம்."

அவள் எட்டிப் பார்த்தாள். புதர் இடுப்பு உயரம்கூட இல்லை. அதற்கு அந்தப் பக்கம் நாலு பேர் வேர்க்கடலை மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல சார். பங்க்ல பாத்துக்கிறேன்."

அடுத்த பெட்ரோல் பங்க் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த நாலு கிலோமீட்டரில் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அவள் வயிற்றில் இடித்தது. இடையில் தேவா விசில் ஊதினான். அவள் பாட்டிலைத் தொடவில்லை. "மேடம், மேடம்!" என்று பின்னாலிருந்து கத்தினான்.

பங்க் வாசலில் 'கழிவறை வசதி உண்டு' என்று ஆள் உயரத்துக்கு எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. அம்பு காட்டிய கதவில் பூட்டுத் தொங்கியது.

"சாவி மேனேஜராண்ட கீதுக்கா," என்றான் பெட்ரோல் போடுகிறவன். "அவரு ஒம்போது மணிக்குதான் வருவாரு."

"போன் போட்டுக் கேளுங்க."

"திட்டுவாருக்கா. கொஞ்சம் முன்னாடி போனா ஓட்டல் வரும்."

"எவ்ளோ தூரம்?"

"பக்கந்தான். ஆறு கிலோமீட்டர் இருக்கும்."

"மேடம், சமாளிச்சுக்கலாமா?" தேவா வாட்சைப் பார்த்தான். "எட்டு மணிக்குள்ள திண்டிவனத்துல சவாரி அட்டையில சீல் வாங்கணும், இல்லன்னா இந்தச் சவாரி கணக்குல சேராது. லேட்டாவுது."

இளவரசிக்குக் காது மடல்வரை சூடேறியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், டீசல் போடும் வழியில் குறுக்கே நிறுத்தினாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அதன் பின்னால் ஒரு கார். அதன் பின்னால் இன்னொரு லாரி.

"இன்னாக்கா பேஜாரு பண்றீங்க! வண்டிய எடுங்க!"

"சாவி வந்தா எடுக்கிறேன்."

"ஜல்தியா எடும்மா!" என்று லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"கழிவறை உண்டுன்னு எழுதி வச்சிருக்காங்க அண்ணே. தெறந்து விடச் சொல்லுங்க. நான் போய்டறேன்."

லாரிக்காரர் அந்தப் போர்டைப் பார்த்தார். பிறகு பெட்ரோல் போடுகிறவனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆபீஸ் அறைக் காலண்டருக்குப் பின்னாலிருந்தே சாவி வந்தது.

உள்ளே பாதி இடம் ஆயில் டின்கள், உடைந்த நாற்காலிகள். குழாயைத் திருகினால் காற்று மட்டும் வந்தது. கடைசியில் கையோடு கொண்டுவந்த தன் பாட்டில் தண்ணீரைத்தான் ஊற்றிக் கழுவினாள். அது போதவில்லை. எலுமிச்சம்பழத் தண்ணீரையும் ஊற்றினாள்.

அவள் வெளியே வந்து பாட்டில்களைச் சைக்கிளில் செருகியபோது தேவா பார்த்துவிட்டான்.

"சூப்பர் மேடம்! ரெண்டும் காலி!"

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"குடிச்சுக் காலி பண்ணல தேவா. உள்ள தண்ணி இல்ல. ரெண்டையும் கக்கூஸ்ல ஊத்திட்டு வர்றேன். போன மாசம் நான் ஏன் குடிக்கலன்னு இப்பவாவது தெரியுதா? குடி குடின்னு ஒரு மாசமா சொல்றீங்க. ரூட் போடறப்ப டீக்கடை எங்க, பஞ்சர் கடை எங்கன்னு பாத்தீங்க இல்ல? நான் எங்க போவேன்னு ஒருத்தராவது பாத்தீங்களா?"

குரல் உடைந்துவிட்டது. அழுகை வந்ததில்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். அப்பாதுரை தரையைப் பார்த்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தேவா தன் பாட்டிலை உருவி அவளிடம் நீட்டினான். வாங்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் போகவேண்டிய தூரம் இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

திண்டிவனத்தில் சீல் போடும் மேசைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு பதினொன்று. பதினோரு நிமிடம் தாமதம். மேசைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மற்றவர்கள் வேகமாக மிதித்து முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவளோடு சேர்ந்தே வந்ததால் தேவாவுக்கும் அப்பாதுரைக்கும் சீல் இல்லை.

"நான் சொல்லி போட வைக்கிறேன் மேடம்."

"வேணாம். லேட்டு லேட்டுதான்."

திரும்பும்போது தேவா வழியில் வந்த ஒவ்வொரு பங்க்கிலும் சைக்கிளை நிறுத்தினான். தானே போய்க் கழிவறைக் கதவைத் தள்ளிப் பார்த்தான். முதலாவது பூட்டியிருந்தது. இரண்டாவதிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். மூன்றாவது திறந்திருந்தது, தண்ணீரும் வந்தது. அந்த இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இவ்ளோ மோசமா இருக்கும்னு நெனைக்கல மேடம்."

"எனக்குப் பதினாறு வருஷமா தெரியும்."

இளவரசி உள்ளே போய்விட்டு வந்து, குழாயில் முகம் கழுவினாள். எதிர்க்கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கி நின்ற இடத்திலேயே பாதியைக் குடித்தாள். தொண்டை வழியே குளிர்ச்சி இறங்குவது நெஞ்சுவரை தெரிந்தது.

"அடுத்த மாசம் வருவீங்க இல்ல?" தேவா கேட்டான்.

"ரூட் யாரு போடறது?"

"நீங்களே போடுங்க மேடம்."

அவள் சரி என்று சொல்லவில்லை. கோபம் இன்னும் இறங்கவில்லை. மீதித் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டு, விழுப்புரம் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள்.